தமிழ்ப் பாடவேளையில் அவன் எங்கே இருக்க வேண்டும்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதப் பிற்பகலில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு மொழிப்பாட விலக்குக் கோரும் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. அவனுக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பு, எழுத்துக் கற்றல் குறைபாடு இருப்பதாக அரசு மருத்துவமனையில் பெற்ற சான்று, தலைமையாசிரியரின் பரிந்துரை, புகைப்படம் ஒட்டிய படிவம் எல்லாம் முறையாக இருந்தன. மாணவனின் வாசிப்பும் எழுத்தும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பாட ஆசிரியர் ஒரு குறிப்பு எழுதிச் சேர்ப்பது எங்கள் பள்ளி வழக்கம். எழுத்துகளை மாற்றி வாசிக்கிறான், ஒரு வரியை முடிக்க நெடுநேரம் ஆகிறது, தான் எழுதியதைத் தானே திரும்பப் படிக்க முடிவதில்லை என்று உண்மையைத்தான் எழுதினேன். அவனுடைய தாயார் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையொப்பமிட்டு நிமிர்ந்து, "இனிமே கவலைப்படாதீங்கம்மா, தம்பி தமிழ்ப் பரீட்சை எழுத வேண்டியதில்ல" என்றேன். அவர் கைகூப்பினார். அவருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றவன் அப்போதுதான் வாய் திறந்தான்: "ஐயா, அப்போ தமிழ் பீரியடுல நான் எங்க இருக்கணும்?"

அந்தக் கேள்வியில் துடுக்கு எதுவும் இல்லை. நாளை எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று கேட்பவனைப் போல, போக வேண்டிய இடத்தைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நூலகமா, விளையாட்டுத் திடலா, அலுவலக வராந்தாவா என்று எதைச் சொல்லியிருந்தாலும் போயிருப்பான். "வகுப்புலதான்டா இருப்ப, வேற எங்க போவ?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று இரவு அந்தப் பதில் எனக்கே பொய்யாகத் தோன்றியது. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் அவன் என் வகுப்பில்தான் இருந்தான். வருகைப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த ஓராண்டில் தமிழ்ப் பாடவேளையில் அவன் உண்மையில் எங்கே இருந்தான் என்று யோசித்தபோது என்னால் ஓர் இடத்தைச் சொல்ல முடியவில்லை.

தாண்டிப் போன முறை

சிவகங்கை மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழாசிரியராக இருக்கிறேன். உரைநடைப் பாடத்தை ஒவ்வொருவராக எழுந்து ஒரு பத்தி வாசிப்பது என் வகுப்பின் பழக்கம். ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் அவன் முறை வந்தபோது எழுந்து நின்றான். முதல் சொல்லிலேயே தடுமாறினான். இரண்டாம் வரிக்குள் பின்வரிசையில் சிரிப்பு கேட்டது. நான் சிரித்தவர்களைக் கடிந்துகொண்டு அவனை உட்காரச் சொன்னேன். மறுநாள் முதல் அவன் முறை வரும்போது அடுத்தவனை எழுப்பினேன். ஒரு வாரத்துக்குள் நான் எழுப்பவேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. அவனுக்கு முன்னால் இருப்பவன் வாசித்து முடித்ததும் அவனுக்கு அடுத்து இருப்பவன் தானாகவே எழுந்தான். ஒரு மனிதனைத் தாண்டிப் போவது எப்படி என்பதை நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் பேசாமல் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சுண்ணக்கட்டி எடுத்துவர, பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்துவர அவனையே அனுப்பினேன். அவனும் மகிழ்ச்சியாகப் போனான். ஆசிரியர் அறையில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தால், நல்ல பையன், ஒரு தொல்லையும் இல்லை என்று சொன்னதை இன்று நினைத்தால் கூசுகிறது. ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் ஓர் ஆசிரியருக்கு எந்த வேலையும் வைக்கவில்லை என்றால், அந்த ஆசிரியர் அவனுக்காக எதையும் செய்யவில்லை என்றுதான் பொருள்.

இதையெல்லாம் நான் கருணை என்று நம்பிச் செய்தேன். அவன் அவமானப்படக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தேன். அடித்தும் திட்டியும் படிக்க வைத்த பழைய ஆசிரியர்களோடு ஒப்பிட்டு என்னை மேலானவனாக எண்ணிக்கொண்டதும் உண்டு. அடி வாங்கிய பிள்ளையாவது ஆசிரியரின் கண்ணில் பட்டிருக்கிறது என்ற எண்ணம், சொல்லவே கடினமாக இருந்தாலும், அந்த ஜூலை இரவில் எனக்கு வந்தது. அடியை நான் நியாயப்படுத்தவில்லை. என் மென்மைக்குள் ஒரு கைகழுவல் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

கொம்பு முன்னால், ஓசை பின்னால்

மறு வாரம் முதல் மதிய உணவுக்குப் பின் இருபது நிமிடம் அவனோடு நூலக அறையில் உட்காரத் தொடங்கினேன். சொல்லிக்கொடுப்பதற்கு முன் அவன் எப்படி வாசிக்கிறான் என்று பார்க்க விரும்பினேன். தமிழ் எளிய எழுத்து, எழுதியபடியே வாசித்துவிடலாம் என்று எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அவன் விரலைப் பின்தொடர்ந்தபோதுதான் அந்த எளிமை யாருக்கு எளிமை என்று தெரிந்தது. 'கொக்கு' என்ற சொல்லில் கண் முதலில் சந்திப்பது கொம்பை, பிறகு ககரம், பிறகு கால். செவிக்கோ முதலில் வேண்டியது ககரத்தின் ஓசை, பிறகுதான் ஒகரம். ஓர் உயிரின் குறி இரண்டாகப் பிளந்து மெய்யின் இரு பக்கமும் நிற்கிறது. வாசிப்பவன் அந்த மூன்றையும் நொடிக்குள் கோத்து வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். நமக்கு அது மூச்சு விடுவதுபோல் நடந்துவிடுகிறது. அவன் கொம்பிலேயே நின்றுவிடுகிறான். 'மௌனம்' என்பதை 'மெளனம்' என்று மூன்று முறை வாசித்தான். நான் திருத்தப் போனபோது, "ளதானய்யா போட்டிருக்கு" என்று காட்டினான். அவன் காட்டியது சரி. ஔகாரக் குறியின் கடைசித் துண்டுக்கும் ளகரத்துக்கும் வடிவில் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. துணைக்காலும் ரகரமும் அவனுக்கு அடிக்கடி இடம் மாறின. கடல், பகல், தங்கம் என்ற மூன்று சொற்களில் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது என்பதையும் அவன் தடுமாறிய பிறகே கவனித்தேன். நன்றாக வாசிப்பவர்கள் எவரும் அதைக் கவனிப்பதில்லை.

இன்னொன்றும் கண்டேன். அவன் எல்லாச் சொற்களையும் எழுத்துக் கூட்டி வாசிப்பதில்லை. இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டு, வாக்கியம் எங்கே போகிறது என்று பார்த்து, மீதியை ஊகித்துச் சொல்கிறான். 'போனான்' என்றிருப்பதைப் 'போயிருந்தான்' என்று வாசிப்பான். பொருள் கெடாது, எழுத்து மாறியிருக்கும். இதைப் பிழை என்று சிவப்பு மையில் எத்தனை முறை சுழித்திருப்பேன்! ஆனால் ஓலைச்சுவடி படித்த நம் முன்னோர் செய்தது ஏறக்குறைய இதையேதான். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவில் வேறுபாடு காட்டியதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே கோடாக இருந்தன. படிப்பவர் பொருளையும் யாப்பையும் வைத்து, அது மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று தீர்மானித்துக்கொண்டே போக வேண்டும். அந்தத் திறனைப் புலமை என்று போற்றுகிறோம். நெடிலுக்குத் தனிக் கொம்பு கொடுத்து அந்தச் சுமையைக் குறைத்தவர் வீரமாமுனிவர். பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட மாற்றங்களில் ஒரு பகுதியை 1978இல் அரசு ஏற்றபோது ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்கள் போய் இன்றைய வடிவங்கள் வந்தன. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் புதிதாகக் கற்பவருக்கும் எளிதாக இருக்க வேண்டும் என்பது அதன் காரணங்களில் ஒன்று. ஓலைக்கும் அச்சுக்கும் ஏற்றபடி எழுத்தையே மாற்றிக்கொண்ட மொழியில், ஒரு பிள்ளைக்கு ஏற்றபடி பாடவேளையை மாற்றிக்கொள்ள எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஒரு நாள் கண்மாய் ஒன்றைப் பற்றி நானே அரைப்பக்கம் எழுதிக்கொண்டுபோய், அவனை வாசிக்கச் சொல்லாமல், நானே உரக்க வாசித்துக் காட்டினேன். மழைநீர் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வருவது, மடையைத் திறந்து வயலுக்கு விடுவது என்று வரிசையாக எழுதியிருந்தேன். முடித்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஐயா, கண்மாய் பெருகிட்டா மிச்சத் தண்ணி எங்க போகும்? கலுங்கைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே" என்றான். உண்மைதான், உபரி நீர் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் கலுங்கை நான் மறந்துவிட்டிருந்தேன். கலுங்கு இல்லாத கண்மாய்க்குக் கரை நிற்காது. ஒரு பகுதியை முழுவதும் உள்வாங்கி, அதன் ஒழுங்கைப் பிடித்து, விடுபட்டதைக் கண்டுபிடிப்பது வாசிப்பின் உச்ச நிலை என்று நாம் பயிற்சி வகுப்புகளில் பேசுகிறோம். அது அவனுக்கு வந்தது. எழுத்து வழியாக வரவில்லை, செவி வழியாக வந்தது. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்ற இரு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்ற அதிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஆண்டுதோறும் நடத்துகிறவன் நான். கேட்டு அறிவதற்கென்று ஒரு வாயிலை வகுப்பறையில் திறந்து வைத்ததில்லை.

இந்த இடத்தில் ஒரு தவறான பொருள் வந்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குள் ஒரு மேதை ஒளிந்திருக்கிறார் என்று சொல்லிப் பெற்றோரைத் தேற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஐன்ஸ்டைனின் பெயரையும் சான்றில்லாமல் இழுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நன்றாக வாசிக்கும் மற்ற முப்பத்தொன்பது பேரிடம் மேதைமையைக் காட்டினால்தான் வகுப்பில் இடம் என்று நாம் சொல்வதில்லை. சராசரியாக இருக்கும் உரிமை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. அவன் கலுங்கைக் கேட்காமல் போயிருந்தாலும் அவனுக்கு அந்த இருபது நிமிடம் உரியதுதான்.

பெயர்கள் செய்யும் வேலை

அந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் சேர்ந்தான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கி ஒலித்ததும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான். பாடவேளை மாறினால் அழுவான். ஆட்டிசம் என்று சான்று இருந்தது. நம் அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகு சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்றொரு சொற்றொடர் உண்டு. தமிழாசிரியன் என்ற முறையில் அந்தச் சொற்றொடர் என்னை வருத்துகிறது. ஒலிபெருக்கியின் கரகரப்பு, விசிறியின் இரைச்சல், குழல்விளக்கின் துடிப்பு ஆகிய எல்லாம் தாங்க முடியாத அளவுக்கு உள்ளே நுழைகிற ஒரு பிள்ளைக்குப் புற உலகுச் சிந்தனை இல்லை என்று எப்படிச் சொல்வது? நாம் கேட்காத புற உலகையும் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். 'மெல்லக் கற்போர்' என்ற சொல்லும் அப்படித்தான். என் மாணவன் மெல்லக் கற்கவில்லை. காதால் விரைவாகவும் கண்ணால் மிகுந்த சிரமத்தோடும் கற்றான். இரண்டையும் சேர்த்து ஒரு வேகத்தைக் கணக்கிட்டு அவன் தலையில் எழுதியது நாம்.

நரம்பியல் பன்மை என்று இன்று நாம் சொல்லும் கருத்து 1990களில் ஆட்டிசம் உடையவர்கள் தங்களுக்குள் கலந்து பேசியதிலிருந்து உருவானது. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கரின் எழுத்து வழியாக அந்தச் சொல் பரவியது. மனித மூளைகள் பல விதமாக அமைவது இயல்பு, அவற்றில் ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்து மற்றவற்றைப் பழுது என்று சொல்ல வேண்டியதில்லை என்பது அதன் சாரம். எனக்கு அதைவிடக் கூர்மையாகத் தைத்தது, தாமே ஆட்டிசம் உடையவரான பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த கருத்து. ஆட்டிசம் உடையவர்கள் பிறரைப் புரிந்துகொள்வதில்லை என்று ஒருபக்கமாகச் சொல்கிறோம்; பிறரும் அவர்களைப் புரிந்துகொள்வதில்லை, தடை இரு பக்கமும் இருக்கிறது என்றார் அவர். அந்தச் சிறுவன் ஏன் அழுகிறான் என்று ஒரு பருவம் முழுவதும் எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் வராத பாடவேளைகளுக்கு வேறு ஒருவர் வருவார் என்பதைக் காலையிலேயே கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தால் அவன் அழுவதில்லை என்பதைக் கண்டுபிடித்தவள் அவன் பக்கத்தில் உட்காரும் பதினொரு வயதுச் சிறுமி. அன்று முதல் ஆறாம் வகுப்பில் அது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பிறகு எடுத்துப் படித்தேன். 1995 சட்டம் ஏழு வகைகளைச் சொன்னது. இது இருபத்தொன்றைச் சொல்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் வெளிப்படையாக இடம்பெற்றன. உள்ளடக்கிய கல்வி என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன: மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் சேர்ந்து கற்பது ஒன்று, கற்பிக்கும் முறை அவர்களின் தேவைக்கு ஏற்ப மாற்றி அமைக்கப்படுவது மற்றொன்று. முதல் பகுதியைப் பள்ளிகள் எளிதாக நிறைவேற்றிவிடுகின்றன. சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி போதும். நான் ஓராண்டு செய்தது அந்தப் பாதியைத்தான்.

மாற்றியவை, தவறியவை

முதலில் ஒரு பெரும் பிழை செய்தேன். என் மனமாற்றத்தின் வேகத்தில், வகுப்பில் அவனை வைத்துக்கொண்டே டிஸ்லெக்சியா என்றால் என்ன, நாம் எல்லோரும் அவனுக்கு எப்படி உதவ வேண்டும் என்று பத்து நிமிடம் பேசினேன். பேச்சு நன்றாக இருந்தது என்றுகூட நினைத்தேன். அடுத்த இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனபோது, "எல்லாரும் என்னையே பாத்தாங்கய்யா" என்று மட்டும் சொன்னான். முன்பு யாரும் பார்க்காத இடத்தில் வைத்திருந்தேன். இப்போது எல்லோரும் பார்க்கும் இடத்தில் நிறுத்திவிட்டேன். இரண்டுமே அவனைக் கேட்காமல் செய்தவை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு எந்த மாற்றத்தையும் அவன் பெயரால் செய்யவில்லை. வகுப்பு முழுமைக்கும் செய்தேன்.

வரிசைப்படி எழுந்து வாசிக்கும் பழக்கத்தை விட்டேன். மறுநாள் வாசிக்கப்போகும் பத்தியை முதல் நாளே சொல்லிவிடுவது, விரும்புகிறவர்கள் வாசிப்பது, மற்றவர்கள் கேட்டு ஒரு கேள்வி எழுப்புவது என்று மாற்றினேன். பாடங்களை என் குரலில் செல்பேசியில் பதிவு செய்து பெற்றோர் எண்களுக்கு அனுப்பினேன். அவனுக்காகத் தொடங்கியது, பருத்தி எடுக்கப் போகும் இன்னொருத்திக்கும் கண் பார்வை மங்கிய வேறொருவனுக்கும் பயன்பட்டதைப் பிறகுதான் அறிந்தேன். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்வதைக் குறைத்துக் குறிப்புகளை நகலெடுத்துக் கொடுத்தேன். மாதத் தேர்வில் வினாத்தாளை இரண்டு முறை உரக்க வாசித்த பிறகே நேரத்தைக் கணக்கிட்டேன். ஒரு வினாவுக்கு எல்லோரும் வாய்மொழியாக விடை சொல்லலாம் என்று வைத்தேன். இதில் எதற்கும் அரசாணையோ பெரும் செலவோ தேவைப்படவில்லை. நேரம் தேவைப்பட்டது, அதைத்தான் நான் பெரிதும் இழந்தேன். அரையாண்டுத் தேர்வுக்குள் இரண்டு இயல்கள் பின்தங்கின. நூறு மதிப்பெண் எதிர்பார்க்கும் மாணவியின் தந்தை தலைமையாசிரியரிடம் முறையிட்டார். அவருடைய அச்சத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநருக்கு எங்கள் பள்ளியைப்போல் பல பள்ளிகள். வாரத்தில் ஒரு நாள், அதுவும் சில வாரங்களில் மட்டும்தான் அவரால் வர முடிந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது என் பட்டப் படிப்பில் இல்லாதது. வரிக்குக் கீழே அட்டை வைத்து வாசிப்பதும், மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஓசையைச் சொல்வதும், கொம்புக் குறிகளுக்கு மட்டும் வேறு நிறம் கொடுப்பதும் அவர் காட்டியவை. ஒரு வகுப்பாசிரியரின் நல்ல மனத்தை நம்பி இந்தக் கல்வியை விட்டுவிடுவது ஆபத்து. அவர் மாற்றலாகிப் போனால் எல்லாம் போய்விடும்.

விலக்குக் கோரும் விண்ணப்பம் திரும்பப் பெறப்படவில்லை. தமிழ்த் தேர்வு எழுதுகிறாயா என்று அவனிடம் வெளிப்படையாகக் கேட்டேன். நாட்டுக்கோழிக் கூண்டருகே நின்று வெகுநேரம் யோசித்து, "பரீட்சை வேணாம்யா, வகுப்பு வேணும்" என்றான். அவனுக்கு அந்த விலக்கு உரிமை. அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. மற்றப் பாடங்களை, தான் சொல்லச் சொல்ல எழுதித் தருபவரின் துணையோடும் கூடுதலாகக் கிடைத்த ஒரு மணி நேரத்தோடும் எழுதித் தேர்ச்சி பெற்று, தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருக்கிறான். தேர்வு அவனுக்கு இல்லை என்று தெரிந்த பிறகும் தமிழ்ப் பாடவேளையில் கடைசி நாள் வரை இருந்தான். பிப்ரவரியில் ஒரு நாள், முன்னிரவே பதிவைக் கேட்டுத் தயாராகி வந்து, தானாக எழுந்து நான்கு வரி வாசித்தான். இரண்டு இடங்களில் நின்றான். அடுத்தவன் எழவில்லை, வகுப்பு காத்திருந்தது.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அதே சான்று வந்திருக்கிறது. அடுத்த ஆண்டு விலக்குக் கோர வேண்டுமா என்று அவளுடைய தந்தை கேட்டிருக்கிறார். வரும் திங்கட்கிழமை மாலை நான்கரை மணிக்கு இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அறையில் மூன்று நாற்காலிகள் போட வேண்டும், அவளுக்கும் சேர்த்து.